திருவருகைக் காலத்தில் எதிர்நோக்கோடு காத்திருப்பது எப்படி: குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம், நம் பங்குகளில் பெரும்பாலும் விழா வேலைகளுக்கு நடுவே கண்ணில் படாமலேயே கடந்துவிடுகிறது. நவம்பர் இறுதியில் வாசலில் நட்சத்திரம் கட்டி, டிசம்பர் முதல் வாரத்தில் கேரல் குழுவோடு புறப்பட்டு, இரண்டாம் வாரத்தில் முறுக்குக்கு மாவு அரைத்து முடிக்கும்போது, காத்திருப்பதற்கென்றே ஒரு காலத்தைத் திருச்சபை நமக்குத் தந்திருப்பதை உணராமல் 25-ஆம் தேதிக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம். வீட்டில் நோயாளி இருப்பவருக்கும், வேலைக்கோ குழந்தைப்பேற்றுக்கோ ஆண்டுக்கணக்கில் ஏங்குபவருக்கும், அண்மையில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவருக்கும் இந்த இழப்பு பெரிது. ஏனெனில், அவர்களுடைய நிலையை அப்படியே எடுத்துக்கொண்டு இறைவன் முன் வைக்கக் கற்றுத்தரும் காலம் இதுதான்.

இந்த வழிகாட்டி ஒரு குடும்பமோ தனி ஒருவரோ இக்காலத்தை முதல் நாளிலிருந்து கடைப்பிடிப்பதற்கான வழிகளைப் படிப்படியாகச் சொல்கிறது. கத்தோலிக்க வழிபாட்டு முறையை அடிப்படையாகக் கொண்டு எழுதியிருக்கிறேன் என்றாலும், தென்னிந்தியத் திருச்சபையினரும் லூத்தரன் சபையினரும் இதே நான்கு ஞாயிறுகளைக் கடைப்பிடிப்பதால், பெரும்பகுதி அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் கருத்து ஒன்றே. திருவருகைக் காலம் கேட்கும் பொறுமை வாய் மூடிக்கிடக்கும் பொறுமை அன்று. வாக்குறுதி பெற்றவர் அந்த வாக்குறுதியைச் சொல்லிச் சொல்லி இறைவனிடம் உரிமையோடு கேட்டபடியே, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்துவரும் பொறுமை அது.

படி 1: காலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

புனித அந்திரேயாவின் விழாவான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் வரும். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28, 2028-இல் டிசம்பர் 3 என்று தொடங்குகிறது. டிசம்பர் 3-இல் தொடங்கும் ஆண்டுகளில் நான்காம் ஞாயிறும் 24-ஆம் தேதியும் ஒரே நாளில் வந்துவிடுவதால் மொத்தம் 22 நாள்களே கிடைக்கும். நவம்பர் 27-இல் தொடங்கினால் 28 நாள்கள் கிடைக்கும். திருவழிபாட்டு ஆண்டும் அன்றுதான் தொடங்குகிறது என்பதால், கிறிஸ்தவருக்குப் புத்தாண்டே காத்திருப்பில்தான் பிறக்கிறது.

இக்காலத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் ஆண்டவருடைய இரண்டாம் வருகையை முதன்மையாக நோக்குகின்றன. 17 முதல் 24 வரையிலான நாள்கள் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. முதல் ஞாயிறன்று ஆலயத்துக்குள் நுழைந்ததும் உலக முடிவைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படுவதைக் கேட்டுப் பலர் குழம்புவதுண்டு. முதலில் வந்தவர் மீண்டும் வருவார் என்பதால்தான் நாம் காத்திருக்கிறோம். ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்காக மட்டும் காத்திருப்பதானால் அது வெறும் நினைவுகூர்தலாகிவிடும். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வருகை ஒன்றையும் சொன்னார். முதல் வருகையில் ஆண்டவர் வலுவின்மையில் வந்தார், இறுதி வருகையில் மாட்சியோடு வருவார், இடையில் ஒவ்வொரு நாளும் மறைவாக நம் உள்ளத்தில் வருகிறார் என்பது அவருடைய விளக்கம்.

ஊதா நிற உடை, ‘உன்னதங்களிலே’ பாடல் நிறுத்தப்படுவது, பீடத்தின் மலர் அலங்காரத்தில் அடக்கம் ஆகியவை தவக்காலத்தை நினைவூட்டினாலும், அல்லேலூயா தொடர்ந்து பாடப்படுகிறது. இலத்தீன் வழிபாட்டு முறையில் இன்று கட்டாய நோன்பு இல்லை. ஆனால் 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-இல் வரும் புனித மார்ட்டின் விழா முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்க வழிவகுத்தார். நமக்கு அடுத்திருக்கும் கேரளத்தில் சிரியன் மரபினர் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பை இன்றும் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் புதன், வெள்ளிகளில் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்டால், அது பழைய மரபோடு ஒட்டிய செயலாகவே இருக்கும்.

படி 2: எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்

முதல் ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு நீங்கள் உண்மையாகவே எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பக்தியான சொற்கள் வேண்டாம். ‘அப்பாவுக்குக் கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும்’, ‘தங்கச்சிக்கு வரன் அமைய வேண்டும்’, ‘சொத்து வழக்கு முடிய வேண்டும்’, ‘மகன் என்னோடு மறுபடி பேச வேண்டும்’ என்று மனத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும். குடும்பமாகச் செய்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டாலொழியப் படிக்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் கீழே, அது கிடைத்தால் என்ன மாறும், கிடைக்காவிட்டால் என்ன மிஞ்சும் என்று இரண்டு வரி எழுதுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் வேலை செய்யும். நாம் விரும்புவது நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கும், நடந்தாலும் நடக்காவிட்டாலும் இறைவன் நம்மைக் கைவிடமாட்டார் என்ற எதிர்நோக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அது காட்டும். காணாததை எதிர்நோக்கி இருப்பவர் தளராமல் காத்திருக்கிறார் என்று உரோமையர் திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றியது. சின்ன எதிர்பார்ப்புகளை அதற்காக அழித்துவிட வேண்டாம். அவற்றை இறைவனிடம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. வரிசையில் எது முதலில் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். ‘எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், நீ அழாதே’ என்று துயரப்படுபவரின் வாயை அடைப்பதை நாம் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருவருகைக் காலத்தின் வாசகங்களோ நேர்மாறாக, மனிதர் வாய்விட்டு அழுவதிலிருந்துதான் தொடங்குகின்றன.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற கத்தோலிக்க மீனவக் கிராமங்களிலிருந்து பல நாள் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் கரை திரும்பவில்லை. அந்த ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்று உலகெங்கும் இலத்தீன் வழிபாட்டு முறை ஆலயங்களில் வாசிக்கப்பட வேண்டியதாகக் குறிக்கப்பட்டிருந்த முதல் வாசகம் எசாயா 63, 64 அதிகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. எங்களை ஏன் உம் வழிகளிலிருந்து விலகித் திரியவிட்டீர், வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரக்கூடாதா என்று இறைவனைத் தந்தை என்றே அழைத்துக் கேட்கும் பகுதி அது. கடலைப் பார்த்து நின்ற தாய்மார்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொற்களை எவராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அந்த மக்கள் கரையில் காத்திருந்ததோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு தண்டவாளத்தில் அமர்ந்து, காணாமல்போனவர்களைத் தேடுங்கள் என்று அரசிடம் கேட்டார்கள். செபமாலையும் மறியலும் ஒரே வாரத்தில், ஒரே மக்களால் நடத்தப்பட்டன. பொறுமை என்ற சொல்லுக்கு வேதாகமம் தரும் பொருளுக்கு அது வெகு அருகில் இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

அதே எசாயா வாசகம் 2026 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கும் வருகிறது, ஏனெனில் வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்தவை. அன்று அதை ஆலயத்தில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் இன்னொரு முறை சத்தமாக வாசியுங்கள். அதன்பின் வாரம் முழுவதும் இரவில் படுக்கும் முன் 13-ஆம் திருப்பாடலைச் சொல்லுங்கள். ‘எவ்வளவு காலம்’ என்ற கேள்வியை அது ஆறே வசனங்களுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பதில் எதுவும் வராத நிலையிலேயே நம்பிக்கைக்குத் திரும்புகிறது. உங்கள் நோட்டில் எழுதிய காரியத்தை அந்தக் கேள்விக்குப் பின் வைத்துச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். சிறையில் கிடந்த திருமுழுக்கு யோவானே, ‘வரவிருப்பவர் நீர்தானா, அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா’ என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களைச் சொல்லி அனுப்பினார், பிறகு மக்கள் முன்னிலையில் யோவானை வானளாவப் புகழ்ந்தார்.

படி 4: வளையம் கட்டி, மாலைச் செபத்துக்கு நேரம் குறியுங்கள்

மெழுகுதிரி வளையம் ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று. அது வீட்டுக்கும் விடுதிக்கும் என்றே பிறந்தது. 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்காக ‘ராவ்ஹெஸ் ஹவுஸ்’ என்னும் இல்லத்தை நடத்திவந்த லூத்தரன் போதகர் யோகான் ஹின்ரிச் விஷெர்ன், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின்மீது மெழுகுதிரிகளை வைத்தார். வாரநாள்களுக்குச் சிறியதும் ஞாயிறுகளுக்குப் பெரியதுமாக நாளுக்கொன்று ஏற்றப்பட்டது. பிறகு அது நான்கு மெழுகுதிரிகளாகச் சுருங்கி, கத்தோலிக்கரிடமும் பரவியது.

நம் வீட்டில் இதற்குக் கடைக்குப் போக வேண்டிய தேவையில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஈர மணல் பரப்பி, நான்கு மெழுகுதிரிகளை ஆழமாக ஊன்றி, சுற்றிலும் துளசியோ மருக்கொழுந்தோ வேப்பிலையோ வைத்தால் போதும். சவுக்கு இலை பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் இரண்டு நாளில் காய்ந்து சட்டென்று தீப்பற்றிக்கொள்ளும் என்பதால், அதைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு நாள் ஆவதற்குள் மாற்றிவிடுங்கள். ஊதாவில் மூன்றும் ரோஜா நிறத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால், வெள்ளை மெழுகுதிரிகளின் அடியில் அந்தந்த நிற நாடாவைக் கட்டுங்கள். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று நான்கு திரிகளுக்கும் பெயர் சொல்வது பின்னாளில் வந்த வழக்கம். சபைக்குச் சபை வரிசை மாறும் என்பதால் அதில் வாதாட வேண்டாம்.

இரவு உணவுக்கு முன், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். மின்விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, கைப்பேசிகளை அடுத்த அறையில் வையுங்கள். இருட்டில் ஒரு நிமிடம் அப்படியே அமருங்கள். பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும். வீட்டில் மிக இளையவர் திரியை ஏற்ற, மூத்தவர் வாசகத்தை வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காமல் சற்று மௌனம் காத்து, பின் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மன்றாட்டைச் சொல்லி, ‘ஆண்டவரே, வாரும்’ என்று சேர்ந்து பதிலளியுங்கள். ஒரு பாடலோடு முடித்து, பெற்றோர் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையட்டும். விடுதியில் தங்கிப் படிப்பவரும் வெளிநாட்டில் தனியறையில் இருப்பவரும் வீட்டாரோடு அதே நேரத்தில் தொலைபேசியில் இணைந்துகொள்ளலாம். அதற்கு மட்டும் கைப்பேசிக்கு விலக்கு.

2026-இன் ஞாயிறு வாசகங்களை அடிப்படையாக வைத்து வாரங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் மாற்கு 13:33-37. நெடும்பயணம் போகும் வீட்டுத் தலைவர் தம் பணியாளர்களுக்கு அவரவர் வேலையைக் கொடுத்துவிட்டு, விழிப்பாக இருக்கும்படி வாயில் காவலருக்குக் கட்டளையிடுகிறார். மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ அவர் வரலாம். உரோமையர் இரவைப் பிரித்த நான்கு சாமங்கள் இவை. வேலையும் விழிப்பும் ஒரே கட்டளையில் சேர்ந்து வருவதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரம் எசாயா 40:1-11, 2 பேதுரு 3:8-14. கி.மு. 587-இல் எருசலேம் அழிக்கப்பட்டு, மக்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரசு பாபிலோனைக் கைப்பற்றிய பிறகே திரும்பும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டில், ஊர் திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டே முதியவராகி அங்கேயே கண்மூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்குத்தான் ‘ஆறுதல் கூறுங்கள்’ என்ற குரல் கேட்டது. பேதுருவின் திருமுகமோ கேள்வியையே திருப்பிப் போடுகிறது. ஆண்டவர் காலம் தாழ்த்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், எவரும் அழிந்துபோகாமல் எல்லாரும் மனம் மாற வேண்டும் என்று அவர்தாம் நமக்காகப் பொறுமையோடு இருக்கிறார். நாம் இறைவனுக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் இந்த நான்கு வாரமும், காத்துக்கொண்டிருப்பவர் அவர். இந்த ஒரு வசனத்தைக் கொண்டே வாரம் முழுவதும் செபிக்கலாம்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. ரோஜா நிறத் திரி அன்று ஏற்றப்படும். எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லும் 1 தெசலோனிக்கர் 5-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அதற்கு முந்தைய அதிகாரத்தில் 13-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஆண்டவர் வருவதற்குள் தங்கள் வீட்டார் இறந்துவிட்டார்களே என்று கலங்கியவர்களுக்குப் பவுல் ஏறத்தாழ கி.பி. 51-இல் எழுதிய திருமுகம் இது. எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போலத் துயருற வேண்டாம் என்கிறாரே தவிர, துயருறவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நான்காம் வாரம் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரமும் லூக்கா 1:26-38-உம். தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என்று நாத்தான் சொன்னதற்கும், கபிரியேல் நாசரேத்துக்கு வந்து அதே அரியணையைப் பற்றிப் பேசியதற்கும் இடையே ஆயிரம் ஆண்டு இருக்கும். அதற்குள் அரசும் போய், அரண்மனையும் மண்ணாகி, தாவீதின் வழிவந்தவர் தச்சுத் தொழில் செய்துகொண்டிருந்தார்.

படி 5: காத்திருப்புக்கு ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

யாக்கோபு திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம் பொறுமைக்கு உழவரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பாலஸ்தீனத்தில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் விதைப்புக்கும், பின்மாரி மார்ச், ஏப்ரலில் கதிர் முற்றுவதற்கும் பெய்யும். இந்த எடுத்துக்காட்டை நம் காவிரிப் படுகைக்கு விளக்க வேண்டியதே இல்லை. திருவருகைக் காலம் வரும் கார்த்திகை, மார்கழியில் சம்பாப் பயிர் வயலில் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையை வரவழைக்கவோ நிறுத்தவோ உழவரால் ஆகாது. ஆனால் களை எடுப்பதும், வரப்பை அடைப்பதும், மழை மிஞ்சினால் விடியற்காலையில் மண்வெட்டியோடு போய் வடிகாலை வெட்டிவிடுவதும் அவர் கையில் இருக்கின்றன.

நோட்டில் எழுதிய ஒவ்வொரு காரியத்திலும் உங்கள் கையில் இருக்கும் ஒரு வேலையைக் கண்டுபிடித்து வாரத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். பேசாத மகனுக்கு ஒரு கடிதம், வழக்கறிஞரிடம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த சந்திப்பு, மருத்துவரிடம் கேட்கப் பயந்த கேள்வி என்று அது எதுவாகவும் இருக்கலாம். அத்துடன், காத்திருக்கும் இன்னொருவரோடு வாரத்தில் ஒரு மணி நேரம் அமருங்கள். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர், டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை போய்வருபவர் ஆகியோர் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஒவ்வொரு அன்பியத்தின் எல்லைக்குள்ளும் இருக்கிறார்கள். கேக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, வெறுங்கையோடு போய் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பது மேல்.

படி 6: காத்திருந்த ஒருவரைத் துணையாகத் தேர்ந்துகொள்ளுங்கள்

நற்செய்தியின் தொடக்கமே காத்திருந்தவர்களால் நிறைந்தது. உங்கள் நிலைக்கு ஏற்ற ஒருவரைத் தேர்ந்து, காலம் முழுவதும் அவரோடு செபியுங்கள். பிள்ளைக்காக ஏங்குபவர்கள் எலிசபெத்தைத் தேடுவது இயல்பு. ஆனால் நீண்ட காலம் வேண்டிவிட்டு, இனி நடக்காது என்று மனம் கைவிட்டவர்களுக்கு நான் செக்கரியாவைச் சொல்வேன். வானதூதர் ‘உம் மன்றாட்டு கேட்கப்பட்டது’ என்று சொன்னபோது, கேட்டவராலேயே அதை நம்ப முடியவில்லை. பேச்சிழந்து இருந்த மாதங்களில் அவர் என்ன நினைத்தார் என்று லூக்கா எழுதவில்லை. எழுதுபலகையில் ‘இக்குழந்தையின் பெயர் யோவான்’ என்று எழுதியதும் அவருடைய வாய் திறந்து, முதலில் வந்தது புகழ்ச்சி. நம்பிக்கை சோர்ந்துபோனவரையும் இறைவன் தம் திட்டத்திலிருந்து விலக்கிவிடவில்லை.

கணவரை இளம் வயதில் இழந்தவர்களுக்கு அன்னா இருக்கிறார். மணமாகி ஏழு ஆண்டுகளில் கைம்பெண்ணாகி, 84 வயது வரை கோவிலை விட்டு நீங்காமல் இருந்தவர். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு யோசேப்பு. மரியாவோ செய்தி கிடைத்ததும் காத்திருப்பின் முதல் வேலையாக யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து போய், பேறுகாலத்தில் இருந்த உறவினருக்கு மூன்று மாதம் உதவியாக இருந்தார்.

படி 7: ஒப்புரவு

டிசம்பர் 17-க்கு முன்பே, குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெற்றுவிடுங்கள். 24-ஆம் தேதி மாலை வரிசையில் நிற்பதைவிட அது நிதானமாக அமையும். அதற்கு முன் வீட்டில் பேச்சு நின்றுபோன ஒருவரோடு பேசிவிடுங்கள்.

படி 8: விழா வேலைகளைக் காலத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்துங்கள்

குடிலையும் நட்சத்திரத்தையும் பலகாரத்தையும் நான் எதிர்க்கவில்லை. அவை நம் குழந்தைகளின் மனத்தில் விசுவாசத்தைப் பதிய வைத்தவை. எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, 26-ஆம் தேதி காலையில் களைத்துப்போய்ப் படுத்துவிடுவதுதான் வருத்தம் தருகிறது. திருச்சபையின் கணக்கில் கிறிஸ்து பிறப்புக் காலம் 25-இல் தொடங்கி, ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆகவே குடிலைக் கட்டம் கட்டமாக அமையுங்கள். முதல் வாரத்தில் வெறும் மலையும் தொழுவமும், இரண்டாம் வாரத்தில் ஆடுமாடுகள், மூன்றாம் வாரத்தில் இடையர்கள், நான்காம் வாரத்தில் மரியாவும் யோசேப்பும் வரட்டும். தீவனத்தொட்டி காலியாகவே இருக்கட்டும். பிள்ளைகள் ஒருவருக்குச் செய்த ஒவ்வொரு உதவிக்கும் ஒரு வைக்கோல் துரும்பை அதில் வைத்துவர, 24 இரவுத் திருப்பலி முடிந்து வந்து குழந்தை இயேசுவை அந்த வைக்கோலின்மேல் கிடத்துங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் முதன்மையாக இருந்தவை வைக்கோல் நிரப்பிய தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும்தான்.

துக்கம் நடந்த ஆண்டில் பல வீடுகளில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்த ஆண்டில், மூன்றாம் ஞாயிறு மாலை பக்கத்து வீட்டு அக்கா தம் வளையத்தை அப்படியே தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு அங்கே போய், மூன்று திரிகளையும் ஏற்றி, அந்த வீட்டம்மாவோடு செபமாலை சொல்லிவிட்டு வந்தார். விழாவை அவர் வற்புறுத்தவும் இல்லை, துக்கத்தைத் தனியே விடவும் இல்லை. கேரல் குழுவினர் அத்தகைய வீடுகளைத் தாண்டிப் போகாமல், மேளம் இல்லாமல் உள்ளே சென்று ஒரு திருப்பாடலைப் பாடி, இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு வரலாம்.

படி 9: டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு அழைப்புகள்

இந்த ஏழு மாலைகளிலும் திருச்சபை மரியாவின் பாடலுக்கு முன், மெசியாவை ஏழு பெயர்களால் அழைக்கிறது: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல். ஒவ்வொன்றும் ‘வாரும்’ என்ற வேண்டலில் முடியும். நாளுக்கொரு பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி வளையத்துக்கு அருகில் வைத்து, அந்தப் பெயரால் உங்கள் நோட்டில் உள்ள ஒரு காரியத்தைக் கேளுங்கள்.

20-ஆம் தேதிக்குரிய தாவீதின் திறவுகோல், இருளில் அமர்ந்திருக்கும் கைதியைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவரும்படி கேட்கிறது. எதுவும் செய்ய முடியாத நிலையில் இருப்பவர்கள், படி 5-இல் சொன்ன வேலைகூடக் கையில் இல்லாதவர்கள், அந்த நாளைத் தமக்குரியதாக எடுத்துக்கொள்ளலாம். 1943 நவம்பரில் பெர்லினின் தேகல் சிறையிலிருந்து லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோபர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை வாழ்வு திருவருகைக் காலத்தைப் போன்றது, ஏனெனில் கதவு பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்று குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே சிறையில், கைவிலங்கு பூட்டிய நிலையில், இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப் திருவருகைக் காலச் சிந்தனைகளை எழுதி வெளியே அனுப்பினார். 1945 பிப்ரவரி 2 அன்று டெல்பும், ஏப்ரல் 9 அன்று போன்ஹோபரும் நாசி அரசால் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் கேட்ட விடுதலை அவர்கள் கேட்ட வடிவில் வரவில்லை. இதை மறைத்துவிட்டு எதிர்நோக்கைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் மரணம் நெருங்கிய நாள்களிலும் அவர்கள் எழுதியவற்றில் தெரியும் விடுதலை உணர்வு, கதவைத் திறப்பவர் ஏற்கெனவே அவர்களுடைய அறைக்குள் வந்திருந்தார் என்பதற்குச் சான்றாகவே எனக்குப் படுகிறது.

படி 10: 25-க்குப் பிறகு நோட்டை எடுத்துப் பாருங்கள்

பிறப்பு விழா முடிந்த முதல் வாரத்தில் நோட்டைத் திறந்து, நடந்தவற்றுக்கு எதிரே தேதியிட்டு நன்றி எழுதுங்கள். நடக்காதவற்றை அடித்துவிட வேண்டாம். அந்தக் காரியத்தில் இந்த நான்கு வாரத்தில் நீங்கள் செய்த வேலை என்ன, உங்களோடு வந்து அமர்ந்தவர் யார், எந்த வாசகம் உங்களைத் தாங்கியது என்று மூன்று குறிப்புகளை மட்டும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு நோட்டைப் பிப்ரவரி 2 வரை வைத்திருங்கள். ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த அந்த விழாவில், இஸ்ரயேலின் ஆறுதலுக்காகக் காத்திருந்த சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திப் பாடிய பாடல் வாசிக்கப்படும். அவர் கண்டது நாற்பது நாள் குழந்தையை மட்டுமே. அந்தக் குழந்தை போதித்ததையோ, நலமளித்ததையோ, உயிர்த்தெழுந்ததையோ அவர் பார்க்கவில்லை. ஆயினும் தம் கண்கள் மீட்பைக் கண்டுகொண்டன என்றார். அன்று மெழுகுதிரி மந்திரிப்புக்கு வளையத்தில் எரிந்து மிஞ்சிய திரித் துண்டுகளையும் கொண்டுபோங்கள். இன்னும் நிறைவேறாத வரிகளை அடுத்த ஆண்டின் நோட்டில் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.